மாணவன் விழுந்த மாடிக்கு இப்போது நான்தான் பொறுப்பாம், டொக்டர்

கடிதம் எழுதியவர் மட்டக்களப்பு மாவட்டத்து வாசகி. வயது 29. கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். பெயர், பீடம், கட்டடம் எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம். 4.40 மணி அளவில் இரண்டாம் மாடி ஆய்வுகூடத்தில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. விளையாட்டுப் பயிற்சி முடிந்து நேரே வகுப்புக்கு வந்த 22 வயது மாணவன் ஒருவன் தாழ்வாரத்தில் பொத்தென்று விழுந்தான். கையும் காலும் வெட்டி இழுத்தன. யாரோ "வலிப்பு" என்று கத்த, ஒருவர் சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணித்தார். இரண்டு பேர் காலை அமுக்கிப் பிடித்தார்கள். அரை நிமிடத்தில் இழுப்பு நின்றது. குறட்டை மாதிரி விட்டு விட்டு ஒரு மூச்சு வந்தது. அடங்கிவிட்டது, தூங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் உதடு நீலமாவதை இவர் கண்டிருக்கிறார். நான்கு பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிட்ட இருந்த படிக்கட்டின் கிரில் கேற் பூட்டியிருந்தது. திருட்டுக்குப் பயந்து 4 மணிக்கே பூட்டிவிடுவார்களாம். சாவி வைத்திருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். தாழ்வாரம் முழுக்க நடந்து, மறுபக்கப் படியால் இறங்கி, ஓட்டோவில் ஆஸ்பத்திரி சேர்ந்தபோது அவன் விழுந்து 35 நிமிடம் ஆகியிருந்தது. உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரேத பரிசோதனையில் இதயத் தசை தடித்திருந்ததாக வந்தது.

"நாங்கள் தூக்கிக் குலுக்கியதால்தான் செத்தானா, டொக்டர்?" என்று கேட்கிறார். தூக்கம் போய்விட்டது. உள்ளக விசாரணை ஒன்றுக்கும் அழைத்திருக்கிறார்கள். அதற்குள் பீடாதிபதி அலுவலகத்திலிருந்து மூன்று வரிக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. இனி அந்த மாடியின் அவசரகாலப் பொறுப்பாளர் இவர்தானாம். பயிற்சியும் இல்லை, சாவியும் இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம். மறுத்தால் நீடிப்புக் கிடைக்காதோ என்று பயம். ஏற்றுக்கொண்டு அடுத்த முறை ஏதாவது நடந்தால் வழக்கு வருமோ என்றும் பயம். இறந்த மாணவனின் தாய் அடிக்கடி கோல் எடுக்கிறார். இவர் பதில் சொல்வதில்லை.

தங்கச்சி,

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் தூக்கியதால் அவன் சாகவில்லை. காலைப் பிடித்ததாலும் இல்லை, தண்ணீர் தெளித்ததாலும் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தரையில் விழும்போதே அவன் இதயம் இரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்திவிட்டது. உங்களில் ஒருவரும் அவனைத் தொடும் முன்பே அது நடந்துவிட்டது.

ஆனால் உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னாலும் உங்களைப் போல யோசிக்கிற ஒருவர் அதை நம்ப மாட்டார். முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் யாராவது அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருந்தால் அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். பிழைத்திருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அந்தத் தாழ்வாரத்தில் நின்ற இருபது பேரில் ஒருவருக்குக்கூட அது கற்றுத்தரப்படவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடம் போய், அதற்கு மேல் பட்டமும் படிக்கிற பிள்ளைகளுக்கு, பக்கத்தில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வதென்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தக் குறையை உங்கள் ஒருவர் தலையில் நீங்கள் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

அது ஏன் வலிப்பு மாதிரித் தெரிந்தது

இதயம் நின்றால் ஆள் மரம் மாதிரி அசையாமல் கிடப்பார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இருப்பதில்லை. மூளைக்கு இரத்தம் போவது திடீரென்று நின்றால் கைகால் சில நொடிகள் வெட்டி இழுக்கும். பார்ப்பதற்கு அசல் வலிப்பு மாதிரியே இருக்கும். இழுப்பு நின்ற பிறகு வந்ததே ஒரு குறட்டை, அதுவும் மூச்சு இல்லை. கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அந்த மாதிரி. மூளையின் அடிப்பகுதி கடைசியாக எழுப்புகிற ஒரு அசைவு அது. நுரையீரலுக்குள் காற்று ஒழுங்காகப் போவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து அனுபவமுள்ளவர்களையே ஏமாற்றியிருக்கின்றன. அவசரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு முறை ஏமாந்து அரை நிமிடத்தை வீணாக்கியிருக்கிறேன்.

வித்தியாசம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இழுப்பு நின்றதும் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? நெஞ்சையும் வயிற்றையும் பத்து நொடி பாருங்கள். ஒரே சீராக ஏறி இறங்கினால் அது வலிப்பாக இருக்கலாம், மயக்கமாக இருக்கலாம். ஒருபக்கம் சரித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நெஞ்சு அசையவில்லை, அல்லது விட்டு விட்டு ஒரு குறட்டை மட்டும் வருகிறது என்றால், இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்க வேண்டும். நாடி பார்க்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பயிற்சி இல்லாதவர்கள் நாடி பார்க்கவே தேவையில்லை.

சாவிக்கொத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் இரும்பு கொடுப்பதால் எந்த வலிப்பும் நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். அது நிற்கிற நேரத்தில் கையில் சாவி இருப்பதால் சாவிக்குப் பேர் வந்துவிடுகிறது. கொடுத்தவர் அன்பால்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையான வலிப்பிலும் கைகாலை அமுக்கக் கூடாது, வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் பருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டியும் இழுப்பு நிற்காவிட்டால் அதுவும் அவசரம்தான்.

அம்புலன்ஸ் வருமுன்

"1990 வர நேரமாகும், ஓட்டோதான் கெதி" என்று பையன்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம். மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வளாகங்கள் வந்தாறுமூலை, ஒலுவில் என்று பெரிய நகரங்களுக்கு வெளியே கிடக்கின்றன. அதனால் அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு வேறு. இதயம் நின்று, நெஞ்சை அழுத்த ஆளில்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவின் வேகம் பாதியாகிவிடும். ஓட்டோவுக்குள் மடக்கிப் போட்ட ஒருவரின் நெஞ்சை அழுத்தவே முடியாது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அந்த நேரம் முழுவதும் அவர் மூளைக்கு இரத்தம் இல்லை. கால் முறிவு, பாம்புக்கடி, வெட்டுக்காயம் போன்றவற்றுக்கு ஓட்டோவில் கொண்டு போவது வேறு விஷயம். இதயம் நின்றவருக்குச் சிகிச்சை அவர் விழுந்த இடத்திலேயே தொடங்க வேண்டும்.

செய்முறையை நேரில் பழக வேண்டும். இருந்தாலும் வாசித்து வைத்திருங்கள். ஆளைக் கட்டாந்தரையில் மல்லாத்திப் போட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மற்றக் கையை மேலே கோர்த்து, முழங்கை மடியாமல் உடம்புப் பாரத்தால் அழுத்த வேண்டும். 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் நல்ல பலசாலிக்கும் கை தளர்ந்துவிடும். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். விலா எலும்பு முறியலாம். முறிந்த எலும்பை எங்களால் சரியாக்க முடியும்.

நீங்கள் அழுத்தும்போது, சுற்றி நிற்பவர்களைப் பார்த்துப் பொதுவாக "யாராவது அம்புலன்ஸுக்கு எடுங்கோ" என்று கத்தினால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். மற்றவர் எடுப்பார் என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஒருவரை விரலால் காட்டிச் சொல்ல வேண்டும்: "நீங்கள், நீலச் சட்டை, 1990க்கு எடுத்து ஸ்பீக்கரில் போடுங்கள்." அன்று நடந்தது என்ன? மாணவன் விடுதிப் பொறுப்பாளருக்குச் சொல்ல, அவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்குச் சொல்ல, அவர் வாகனச் சாரதிக்குச் சொல்ல, சாரதி போனை எடுக்கவில்லை. நான்கு பேர் கைமாறிய அந்தச் செய்தி 1990க்குப் போகவே இல்லை. சுவசெரிய சேவைக்கு எந்தப் போனிலிருந்தும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. யாருடைய அனுமதியும் கேட்கத் தேவையில்லை. கண்ட ஆளே முதலில் எடுக்க வேண்டும். பதிவாளருக்கும் வார்டனுக்கும் அப்புறம் சொல்லலாம்.

பந்து பார்ப்பவர்களுக்கு 2021 ஜூன் மாதம் நினைவிருக்கும். கோப்பன்ஹேகனில் நடந்த ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்துப் போட்டியில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், அங்கேயே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மைதானத்தை விட்டுக் கொண்டுபோகும்போதே நினைவு திரும்பியிருந்தது. பிறகு மறுபடியும் விளையாட வந்தார். அந்த மின்னதிர்ச்சிக் கருவியை ஏ.ஈ.டி. என்பார்கள். சின்னப் பெட்டி, என்ன செய்ய வேண்டுமென்று அதுவே குரலில் சொல்லும். 3 முதல் 5 நிமிடத்துக்குள் அதைப் பாவித்த இடங்களில் பாதிப்பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் நடமாடும் ஒரு வளாகத்துக்கு, மைதானத்தருகே ஒன்று, மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒன்று என்று இரண்டு கருவியாவது கேட்பது பேராசை இல்லை.

பூட்டிய கேற்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது இந்த இடம்தான். அதை நீங்கள் ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். அன்று தூக்கிக்கொண்டு போனவர்களால் சுற்றிப் போக முடிந்தது. அதே 4.40க்கு அந்த மறுபக்கப் படிக்கட்டில் மின்சாரப் பெட்டி தீப்பிடித்துப் புகை கிளம்பியிருந்தால்? இருபது பிள்ளைகளும் நீங்களும் பூட்டிய கிரிலுக்கும் புகைக்கும் நடுவில் நின்றிருப்பீர்கள். தீயில் பலரைக் கொல்வது நெருப்பில்லை, புகை. அது படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும்.

திருட்டுப் பயம் உண்மைதான், மறுக்கவில்லை. கணினியும் புரொஜெக்டரும் போனால் உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள். ஆனால் உள்ளே ஒரு ஆள் இருக்கும்வரை எந்தப் படிக்கட்டையும் பூட்டக் கூடாது. அப்படிப் பூட்டத்தான் வேண்டுமென்றால், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கொண்டி போட வேண்டும். அதுவரைக்கும், வகுப்பு நடக்கும் நேரத்தில் அந்த மாடியின் சாவி அந்த மாடியிலேயே, கண்ணாடிப் பெட்டியில் தொங்க வேண்டும். இந்தக் கொண்டிக்கும் பெட்டிக்கும் ஆகிற செலவு ஒரு புரொஜெக்டரின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

வளாகங்களில் தீ ஒத்திகை நடத்தினால் காலை 10 மணிக்கு நடத்துவார்கள். எல்லாக் கதவும் திறந்திருக்கும், எல்லா உத்தியோகத்தரும் இருப்பார்கள், பீடாதிபதியும் நிற்பார், படமும் எடுப்பார்கள். நீங்கள் 4.40க்கு ஒரு ஒத்திகை கேளுங்கள். மின்சாரம் போன ஒரு மழைநாள் பின்னேரம் என்றால் இன்னும் நல்லது. லிஃப்ட் ஓடாதபோது சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை யார் இறக்குவது, காலில் கட்டுப் போட்ட பிள்ளையை யார் இறக்குவது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். கட்டடத்தின் பெயர் அம்புலன்ஸ் சாரதிக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் விளங்கும். "புதுக் கட்டடம்" என்று நீங்கள் சொல்வது இருபது வருடப் பழைய கட்டடமாக இருக்கும். பிரதான வாசலில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். அம்புலன்ஸை நிறுத்திப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்கக் கூடாது.

ஆய்வுகூடம் என்பதால் இன்னும் கொஞ்சம். மெயின் சுவிட்ச் எங்கே என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். கரண்ட் பிடித்தவரைத் தொடுமுன் அதைத்தான் நிறுத்த வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணில் அமிலம் தெறித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியில் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று ஒரு அட்டை இருக்கும். நாளைக்கே போய்ப் பாருங்கள்.

தீயணைப்புக்கு 110 என்ற இலக்கம் இருக்கிறது. மட்டக்களப்பு, கல்முனை மாநகர சபைகளுக்குத் தீயணைப்புப் பிரிவுகளும் உண்டு. உங்களுக்குக் கிட்ட இருக்கும் பிரிவின் நேரடி இலக்கத்தைக் கேட்டு எழுதி ஒட்டுங்கள். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை உங்களுக்கு நீங்கள்தான். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது நாவலடியிலும் கல்முனைக் கரையிலும் ஆட்களை முதலில் இழுத்தெடுத்தவர்கள் யார்? 2011 ஜனவரி வெள்ளத்தில் வள்ளம் கொண்டு வந்தவர்கள் யார்? அங்கேயே நின்ற மனிதர்கள்தான். இது நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் போனதும், யாரோ பொறுப்பானவர் வருவார் என்று காத்து நிற்கப் பழகிவிட்டோம்.

தொட்டால் வழக்கு வருமா

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இந்தப் பயத்தால் ஆட்கள் ஒதுங்கி நிற்பதை நிறையக் கண்டிருக்கிறேன். இதைப் பற்றிச் சட்டத்தரணிகளிடம் பேசியும் இருக்கிறேன். நினைவிழந்து கிடக்கும் ஒருவருக்கு, அவருடைய நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்யும் உதவிக்கு நம் தண்டனைச் சட்டக்கோவையின் பொது விதிவிலக்குகளில் இடம் இருக்கிறது. சம்மதம் கேட்க வழியில்லாத நிலையையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி விலா முறித்தவரைக் குற்றவாளியாக்கியதை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

உள்ளக விசாரணையைப் பொறுத்தவரை, நினைவு மங்குமுன் நடந்ததை நேர வரிசையில் எழுதி ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். "யாராவது கேற்றைத் திறந்திருந்தால்" என்ற ஊகமெல்லாம் வேண்டாம். "4.45 அளவில் கேற் பூட்டியிருந்தது" என்பது போதும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். எழுதியதை முழுதாக வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள். வாசிக்க நேரம் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். விசாரணை உங்கள் பக்கம் திரும்புவதாகத் தோன்றினால் தனியாகப் போகாதீர்கள். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.

ஏற்பதா, மறுப்பதா

மூன்று வழி இருக்கிறது. பேசாமல் ஏற்பது, மறுப்பது, நிபந்தனையோடு ஏற்பது. பேசாமல் ஏற்பதுதான் உங்களுக்கு மிக ஆபத்தானது. பெயர் உங்களுடையதாக இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்த மூன்று வரிக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இப்போதைய மனநிலையில் மறுத்தால் அது கோழைத்தனமும் இல்லை. "அந்தச் சம்பவத்தில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவள், ஆறு மாதத்துக்கு வேறு ஒருவரை நியமியுங்கள்" என்று எழுதலாம். ஒப்பந்த நீடிப்பு என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லவும் மாட்டேன்.

ஆனாலும் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அந்த மாடியில் வேறு யாராவது பொறுப்பெடுத்தால் மறுபடி சாவி தேநீர்க் கடைக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது உங்களுக்கு இதைச் செய்ய விருப்பம் என்றே எனக்குப் பட்டது. அப்படியென்றால் மூன்றாம் வழியில் போங்கள். நன்றி சொல்லி, பொறுப்பை ஏற்கத் தயார் என்று எழுதி, அதற்குத் தேவையானவற்றைக் கேளுங்கள். முதலுதவிப் பயிற்சி உங்களுக்கும், நீங்கள் இல்லாத நேரத்தில் பார்க்க இன்னொருவருக்கும். சாவியின் ஒரு பிரதி. வகுப்பு நேரத்தில் இரண்டு படிக்கட்டும் திறந்திருக்கும் என்று எழுத்தில் ஒரு உத்தரவு. அவசரத்தில் யாரையும் கேட்காமல் 1990க்கு அழைக்கும் அதிகாரம். கடிதத்தில் திகதி போட்டு, கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். தொனி குற்றம் சாட்டுவதாக இருக்க வேண்டாம். பீடாதிபதியும் அந்த மாணவனின் மரணவீட்டுக்குப் போய் வந்தவர்தானே.

பதில் வராவிட்டால் ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தீயணைப்புக் கருவிகள் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட திகதி, கட்டடத்தின் அவசரகாலத் திட்டம் இவற்றை எந்தப் பிரஜையும் கேட்கலாம், மாணவர்களும் கேட்கலாம். அரச பல்கலைக்கழகம் பதில் தரக் கடமைப்பட்டது. வேலை நிலையில்லாத நீங்கள் முன்னுக்குப் போய்க் கேட்பதைவிட மாணவர் ஒன்றியம் கேட்பது நல்லது.

பயிற்சிக்குப் பணமும், நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மையும் இல்லை என்பார்கள். இறுக்கிக் கட்டிய தலையணையில் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். ஒரு பின்னேரம் போதும்.

உங்கள் தூக்கம்

அந்தக் குறட்டைச் சத்தம் இரவில் கேட்கிறது, அந்தத் தாழ்வாரத்தால் நடக்க முடியாமல் சுற்றிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. இது "காலம் போனால் சரியாகும்" என்று விடுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போய் ஒரு வைத்தியரைப் பாருங்கள். இதற்குப் பலன் தரும் சிகிச்சை உண்டு, மருந்தில்லாமல் பேச்சாலேயே செய்யும் சிகிச்சையும் உண்டு. இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். தூக்கிக்கொண்டு ஓடிய அந்த நான்கு பையன்களையும் யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா? அவர்களுக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டுதான். நீங்கள் கேட்டால் சொல்வார்கள்.

அவனுடைய அம்மா

"அவன் வேதனைப்பட்டானா?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார், நீங்கள் பதில் எழுதவில்லை. இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, நீங்கள் அப்படியே சொல்லலாம். இதயம் நின்று பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவு போய்விடும். கைகால் இழுத்ததும் அந்தக் குறட்டையும் அவனுக்குத் தெரிந்திருக்காது. இது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் இல்லை.

இன்னொன்று. அவனுக்கு ஏ.எல். படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனும் பந்து விளையாடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே இந்த விஷயத்தை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதினேன். மற்றக் குடும்பங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இளவயதில் இதயத் தசை தடித்துப் போகும் நோய்க்கு ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பெயர். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கும், பலருக்குக் கடைசிவரை தெரியாது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அதனால் தாய், தகப்பன், தம்பி மூன்று பேரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதயத்தைப் பார்க்கும் ஸ்கான்) எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை தம்பி ஓட்டம், பந்து இரண்டையும் நிறுத்த வேண்டும். முதல் சோதனை சரியாக வந்தாலும், வளரும் வயது என்பதால் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். நோய் இருந்தாலும் பயந்து ஒடுங்க வேண்டியதில்லை. மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் உடலுக்குள் வைக்கும் கருவியும் இருக்கிறது.

இதைப் போனில் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். பிரேத பரிசோதனை அறிக்கையின் பிரதியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இதய கிளினிக்கில் முதலில் கேட்பது அதைத்தான். தாய்க்கு ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவே கால் வராது. எக்கோ எடுக்கும் அன்று நீங்களும் கூடப் போங்கள்.